டேப்பக்காவும் பதின்மூன்று லோடும்

“ஒருத்தங்க நம்ம மேல பாசமா இருக்கும்போது, ‘போதும், நிறுத்துங்க’ன்னு எப்படிச் சொல்றது?”

ஓர் உம்மா தன் மகளிடம் இப்படிக் கேட்டார். மகள் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் போய் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள். எந்த வகுப்பிலும் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. அந்த மகள்தான் இதை எழுதுகிறாள். ஆனால் இது உம்மாவின் கதை. அதனால் மகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வந்துவிட்டுப் போவாள்.

உம்மாவுக்கு வேலை ஓர் ஆஸ்பத்திரியின் கிருமி நீக்கும் பிரிவில். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி எப்போதும் ஒரு டேப் சுருளை மாட்டிக்கொண்டே திரிவார். அதனால் டேப்பக்கா. சம்பளம் போடுகிறவர்கூட ஒருமுறை அப்படித்தான் கூப்பிட்டார்.

ஆபரேஷன் முடிந்த கத்தியும் கத்தரியும் கிடுக்கியும் ஒரு ஜன்னல் வழியாக இந்தப் பிரிவுக்கு வரும். கழுவும் பக்கத்தில் நிற்கிறவர் மழைக்கோட்டு. நாள் முழுக்க ரப்பர் அங்கியும் முழங்கால் பூட்ஸுமாக நிற்பதால் அந்தப் பெயர். கழுவியதெல்லாம் மேசைக்கு வரும். அங்கே லென்ஸ் என்கிற பெண், கையில் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு கத்தரியின் மூட்டையும் பிரித்துப் பார்ப்பாள். கறை இல்லை என்று அவள் சொன்னபிறகு டேப்பக்கா அவற்றைத் தட்டில் அடுக்கி, பச்சைத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, நீராவி மெஷினுக்குள் தள்ளுவார். அது சாதாரண டேப் இல்லை. ஒட்டும்போது அதன் கோடுகள் வெளிறிக் கிடக்கும். ஆவி பட்டால் கறுக்கும். கோடு கறுக்காத கட்டு ஒன்று வெளியே போக வேண்டுமானால் அது டேப்பக்காவைத் தாண்டித்தான் போக வேண்டும். பதினோரு வருடத்தில் ஒன்றுகூடப் போனதில்லை.

இந்தப் பதினோரு வருடத்தில் அவர் கையில் வேலை கற்றவர்கள் மூன்று பேர் ஷிஃப்ட் பொறுப்பாளர் ஆகிவிட்டார்கள். அவர் மட்டும் அதே மணிக்கட்டு, அதே டேப். அந்தப் பதவிக்கான எழுத்துத் தேர்வில்தான் தடுக்கும். இந்த வருடம் மகளின் பழைய விஞ்ஞானப் புத்தகங்களைத் தலைமாட்டில் வைத்துப் படித்து, இரண்டாவது முயற்சியில் பாஸ் ஆகிவிட்டார். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அந்த மாதம் முடிவதற்குள் மெஷினில் முப்பது லோடு, அதாவது முப்பது தடவை நிரப்பி, தானே நின்று ஓட்ட வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் பெரிய சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். முப்பதில் ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து.

மாதம் பிறந்து ஏழு நாளில் பதினேழு லோடு முடிந்தது. எட்டாம் நாள் நோன்பு மாதம் தொடங்கியது. சனியும் கூடவே தொடங்கியது.

பெரிய சிஸ்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பிரிவுக்குத் தலைவி. கெட்டவர் என்று சொன்னால் வாய் கூசும். யார் வீட்டுப் பிள்ளைக்கு என்றைக்குப் பரீட்சை என்று அவருக்குத் தெரியும். யாருக்குத் தலைவலி என்றாலும் கைப்பையிலிருந்து மாத்திரை வரும். அவர் அந்த வருடம் ‘பிற மதத்தாரைப் புரிந்துகொள்வோம்’ என்று ஒரு அரைநாள் பயிற்சிக்குப் போய்விட்டு, ஒரு மஞ்சள் ஃபைலோடு திரும்பியிருந்தார்.

முதல் நோன்பன்று காலையில் டேப்பக்கா வேலைக்கு வந்தபோது, டீ ரூம் பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘நோன்பு இருக்கும் நம் சகோதரியை மதிப்போம். இந்த மாதம் இங்கே யாரும் உண்ணவோ பருகவோ வேண்டாம்.’

அந்தப் பிரிவில் நோன்பு இருக்கிற சகோதரி ஒரே ஒருத்தர்தான்.

“சிஸ்டர், இது எதுக்கு?” என்று கேட்டார் டேப்பக்கா. “பதினோரு வருஷமா எல்லாரும் என் முன்னாலதான் சாப்பிடுறாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல.”

“அதுதாம்மா தப்பு. பதினோரு வருஷமா உங்கள நாங்க புரிஞ்சுக்கல.” சிஸ்டரின் கண் லேசாகக் கலங்கியது. “இன்னொண்ணு. இந்த மாசம் நீங்க மெஷின்கிட்ட போக வேணாம். தண்ணி குடிக்காம அந்தச் சூட்டுல நிக்கிறதாவது! உக்காந்து பஞ்சுத் துணி மடிங்க. மெஷின லென்ஸ் பாத்துக்குவா.”

“சிஸ்டர், எனக்கு இன்னும் பதின்மூணு லோடு பாக்கி. இந்த மாசம் விட்டா போச்சு. போன வருஷமும் நோன்போடதான நின்னேன்?”

“உடம்பு முக்கியமா, லோடு முக்கியமா?”

“லோடு, சிஸ்டர்.”

சிஸ்டர் சிரித்துவிட்டார். அவர் தோளைத் தட்டிக் கொடுத்து, மஞ்சள் ஃபைலைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். ‘சலுகைகளை வேண்டாம் என்று அவர்கள் மறுக்கலாம். பெரும்பாலும் அது கூச்சமே.’

“பாத்தீங்களா? எல்லாம் எனக்குத் தெரியும்.”

அந்த வரியை எழுதிய மகராசன் யாரோ, டேப்பக்காவின் வாயை அரக்கு வைத்து மூடிவிட்டான். வேண்டும் என்றால் வேண்டும். வேண்டாம் என்றால் கூச்சம். இதற்கு நடுவில் ஒரு மனுஷி எங்கே போய் நிற்பது?

அன்று மாலை நோன்பு திறந்து, தொழுது முடித்து, பாயைச் சுருட்டிக்கொண்டே மகளிடம் கேட்டதுதான் தொடக்கத்தில் சொன்ன கேள்வி.

“சத்தம் போட்டுச் சண்டை போடுங்க உம்மா” என்றாள் மகள்.

“யாரோட? எனக்காக அழுகிற பொம்பளையோடவா? திட்டுறவங்கன்னா நான் ஒரு கை பாத்துருவேன். அல்லாஹ்வே, இவங்க திட்டவும் மாட்டேங்கிறாங்களே!”

அடுத்த பத்து நாள் டேப்பக்கா உட்கார்ந்து பஞ்சுத் துணி மடித்தார். நாலு மடிப்பு, ஒரு தட்டு, நாலு மடிப்பு, ஒரு தட்டு. நின்று வேலை பார்த்தால் பசி தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தால்தான் ஒவ்வொரு நிமிடமும் வயிற்றில் வந்து கணக்கு ஒப்பிக்கும். இத்தனை வருடத்தில் இல்லாத களைப்பு இந்த ஓய்வில் வந்தது.

அதைவிடக் கொடுமை மற்றவர்கள். டீ ரூம் பூட்டிக் கிடக்க, அவரவர் சாப்பாட்டு டப்பாவோடு எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. பன்னிரண்டரை மணிக்கு ஆள் ஆளாகக் காணாமல் போய், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். மழைக்கோட்டு ஒருநாள் அவர் எதிரே தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டு, கொலைக்குற்றம் செய்தவர்போல மன்னிப்புக் கேட்டார்.

லென்ஸ் பேசுவதையே விட்டுவிட்டாள். மெஷின் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஆவி அடித்து அவள் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, டேப்பக்கா உட்கார்ந்திருக்கிற நாற்காலியை ஒரு பார்வை பார்த்து, மறுபடி மாட்டுவாள். அந்தப் பார்வையில் ஒரு புத்தகம் எழுதலாம்.

பதினொன்றாம் நாள் காலையில் டேப்பக்காவுக்கு மாதவிலக்கு வந்தது. அந்த நாட்களில் பெண்களுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. விட்ட நோன்புகளைப் பிறகு வேறு நாட்களில் வைத்துவிட வேண்டும். மார்க்கம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மஞ்சள் ஃபைல் சொல்லவில்லை.

இப்போது அவர் சாப்பிட வேண்டும். இடுப்பு வலிக்கு மாத்திரை போட வேண்டும், அதற்கும் வெறும் வயிறு ஆகாது. டப்பாவில் ரொட்டியும் இரண்டு அவித்த முட்டையும் இருந்தன. சாப்பிட இடம்தான் இல்லை. டீ ரூம் அவருடைய பெயரால் பூட்டியிருக்கிறது. சாவி கேட்டு வாங்கி அவரே உள்ளே போய் உட்கார்ந்து முட்டை உரித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒவ்வொருவரிடமும் போய்க் காரணம் சொல்வதா? மழைக்கோட்டிடமுமா?

பன்னிரண்டே முக்காலுக்கு, டப்பாவைத் துணிக்குள் ஒளித்துக்கொண்டு, திருடிபோலச் சுவரோரமாக நடந்து, சுத்தமான துணி அடுக்கி வைக்கும் கிடங்குக்குப் போனார். உள்ளே யாரும் வருவதில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லி ஒரு முட்டையை உரித்து, பாதி கடித்தார்.

அலமாரிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

எட்டிப் பார்த்தார். போர்வைக் கட்டுகளின்மேல் லென்ஸும் மழைக்கோட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மழைக்கோட்டின் வாய் நிறையச் சோறு. லென்ஸின் கையில் ஒரு கோழிக்கால்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் யாரைக் கண்டுபிடித்தார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

“அக்கா,” மழைக்கோட்டு சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னார், “உங்க கையில முட்டை.”

“எனக்குத் தெரியுது தம்பி.”

“நோன்பு?”

“இந்த வாரம் எனக்கு லீவு.”

“நோன்புக்கு லீவா! யாரு குடுத்தா?”

“மேலிருந்து.”

“மேல யாரு, சூப்பிரண்டா?”

லென்ஸ் முழங்கையால் அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள். “சும்மா சாப்பிடுய்யா. உனக்குக் கல்யாணமாகி எத்தன வருஷம் ஆச்சு?”

மழைக்கோட்டு இரண்டு நொடி யோசித்தார். பிறகு காது வரை சிவந்து, டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

டேப்பக்காவோ அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் பார்வை கோழிக்காலில் நின்றிருந்தது. “நீ கவிச்சி சாப்பிடுவியா?”

“நானா? பல்லு முளைச்சதுலேர்ந்து.”

“அப்ப அன்னைக்கு வேணாம்னியே!”

“என்னைக்கு?”

“நீ வேலைக்குச் சேந்த அன்னைக்கு. கறி கொண்டாந்து நீட்டினேன். வேணாம்க்கான்னே.”

லென்ஸ் கோழிக்காலைக் கீழே வைத்தாள். “அன்னைக்கா? முந்தின நாள்தான் கடவாப் பல்லு புடுங்கியிருந்தேன்! ஆறு வருஷம்! வாராவாரம் டப்பாவ என் தலைக்கு மேல நீட்டி இந்த ஆளுக்குக் குடுப்பீங்க. எனக்கு ஒரு துண்டு இல்ல. உங்க வீட்டுக் கறிய எனக்குக் குடுத்தா தீட்டுப்பட்டுரும்னு நினைக்கிறீங்களோன்னு நான் எவ்வளவு நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா?”

“யா அல்லாஹ்! உனக்குப் புடிக்காததை நீட்டிச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னுதான்டி!”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

டேப்பக்காவின் கையில் மீதிப் பாதி முட்டை அப்படியே இருந்தது. பெரிய சிஸ்டரைப் பத்து நாளாக மனசுக்குள் வைத்து வறுத்ததெல்லாம் திரும்பி அவர்மேலேயே வந்து விழுந்தது. சிஸ்டர் செய்தது பத்து நாள். இவர் செய்தது ஆறு வருடம்.

“சரி, அது போகட்டும்,” என்றாள் லென்ஸ். “சொகுசா உக்காந்து மடிக்கிற வேலைய நீங்களே கேட்டு வாங்கிட்டு, என்னைய அந்த ஆவிச் சட்டியில தள்ளிட்டீங்களே. அது நியாயமா?”

“நானா கேட்டேன்? எனக்குப் பதின்மூணு லோடு பாக்கிடி! நான் அங்க நிக்கக் கெஞ்சிட்டிருக்கேன்!”

லென்ஸ் வாயைப் பிளந்தாள். மழைக்கோட்டு டப்பாவிலிருந்து தலையை எடுத்தார். “அப்ப இந்த டீ ரூம் பூட்டு?”

“அதுவும் நான் கேக்கல.”

“அட ஆண்டவா,” என்றார் மழைக்கோட்டு. “பத்து நாளா போர்வ மேல உக்காந்து சாப்பிட்டு முதுகே போச்சு.”

அன்று மாலையே டேப்பக்கா மறுபடி சிஸ்டரிடம் போனார். கூடவே லென்ஸும் போனாள். பயன் இல்லை. லென்ஸ் சொன்னதை, உடன் வேலை செய்பவளின் பாசம் என்று சிஸ்டர் எடுத்துக்கொண்டார். டேப்பக்கா சொன்னதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். போதாக்குறைக்கு ஒரு புது வேலையும் கொடுத்தார். “இந்த மாசம் இருபத்திரண்டாம் தேதி நல்லிணக்கக் கூட்டம் இருக்கு. எல்லாப் பிரிவும் வருது. அமைதியப் பத்தி நீங்க அஞ்சு நிமிஷம் பேசணும். உங்க மார்க்கம் என்ன சொல்லுதுன்னு நாங்களும் தெரிஞ்சுக்குவோம்ல?”

வீட்டுக்கு வந்து பையை எறிந்தார் டேப்பக்கா. “உலகத்துல எங்க எவன் குண்டு போட்டாலும் என்னைப் பாத்துத்தான் கேக்குறாங்க. அமைதியப் பத்திப் பேசணும்னாலும் என்னையத்தான் கூப்பிடுறாங்க. மெஷினப் பத்திப் பேசக் கூப்பிடுங்களேன்! எனக்கு அது தெரியுமே!”

மகள் அதை ஒரு வாய்ப்பு என்று நினைத்தாள். மூன்று நாள் உட்கார்ந்து, நாலு பக்கம் உரை எழுதினாள். ‘அமைதி என்பது எங்கள் மூச்சு’ என்று அது தொடங்கியது. இரண்டாம் பக்கத்தில் வெண்புறா வந்தது. மூன்றாம் பக்கத்தில், கறுக்கும் டேப்பையும் மனித மனத்தையும் ஒப்பிட்டு ஒரு பத்தி. மகளுக்கு அதில் தனிப் பெருமை.

டேப்பக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். “நல்லாத்தான் இருக்கு. இது யாரு?”

“யாருன்னா? நீங்கதான் உம்மா.”

“நான் புறாவப் பத்தி என்னைக்குப் பேசினேன்? புறா நம்ம ஜன்னல்ல எச்சம் போட்டா விரட்டுறவ நான்.” தாளை மடித்து மகளிடம் திருப்பிக் கொடுத்தார். “டேப்ப விட்டுரு கண்ணு. அது பாட்டுக்கு வேல செய்யட்டும்.”

மகளுக்கு அழுகை வந்தது. உம்மாவிடம் கேட்காமலே அவருக்கு ஒரு மனசை எழுதிவிட்டோம் என்பது அவளுக்கு அன்று உறைக்கவில்லை. உறைக்க நாலு நாள் ஆனது.

இருபத்திரண்டாம் தேதிக்குள் டேப்பக்கா குளித்து மறுபடி நோன்பு தொடங்கியிருந்தார். கூட்டத்தில் நாற்பது பேர். முன்வரிசையில் சூப்பிரண்டும் பெரிய சிஸ்டரும். சிஸ்டரின் மடியில் அந்த மஞ்சள் ஃபைல். டேப்பக்கா மணிக்கட்டில் டேப்போடு எழுந்து நின்றார். மைக் வேண்டாம் என்றார்.

“எனக்கு மேடைப் பேச்சு வராது. எங்க மார்க்கம் அமைதியப் பத்தி நிறையச் சொல்லுது. அதச் சொல்ல என்னைவிடப் படிச்சவங்க இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன். நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். ஆறு வருஷமா எங்கூட வேல செய்றவளுக்கு ஒரு துண்டு கறி குடுத்ததில்ல. அவ சாப்பிட மாட்டான்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். மரியாதைன்னு நினைச்சேன். அவ அத அவமானம்னு நினைச்சா. ரெண்டு பேரும் ஒரே மேசையில நின்னோம். கேக்கவே இல்ல.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லென்ஸ்தான்.

“எனக்கும் அப்படி ஒண்ணு நடந்துட்டு இருக்கு. நல்ல மனசோடதான் நடக்குது. எனக்காக டீ ரூமப் பூட்டியிருக்கு. நான் அதக் கேக்கல. எனக்காக மெஷின்லேர்ந்து என்னை எடுத்திருக்கு. அதையும் கேக்கல. எனக்கு இன்னும் பதின்மூணு லோடு இருக்கு, எட்டு நாள் இருக்கு. நான் வேணாம்னு சொன்னா, அது கூச்சம் இல்ல சிஸ்டர். வேணாம்னுதான் அர்த்தம். எனக்கு நோன்பு அல்லாஹ்வுக்கும் எனக்கும் நடுவுல. மெஷின் எனக்கும் உங்களுக்கும் நடுவுல. ரெண்டையும் நான் பாத்துக்குவேன். அவ்வளவுதான்.”

அஞ்சு நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஒன்றரை நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மழைக்கோட்டு மட்டும் தட்டினார். பூட்ஸ் காலாலும் தரையைத் தட்டினார்.

பெரிய சிஸ்டரின் முகம் சுருங்கிப் போயிருந்தது. எல்லாரும் கலைந்தபிறகு வந்தார். “இவ்வளவு பேர் முன்னாலயா சொல்லணும்?”

“தனியா ரெண்டு தடவ சொன்னேன் சிஸ்டர்.”

சிஸ்டர் மஞ்சள் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, “நான் தப்புப் பண்ணிட்டேனா?” என்றார்.

“நல்லதுதான் பண்ணீங்க. எனக்குப் பண்ணல. அந்த ஃபைல்ல இருக்கிற யாருக்கோ பண்ணீங்க.”

மறுநாள் காலை டீ ரூம் திறந்திருந்தது. கதவிலிருந்த தாளைக் காணோம். அந்த இடத்தில் வேறு தாள். ‘தெரியாவிட்டால் கேளுங்கள்.’ டேப்பக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. ஏனென்றால் அன்றிலிருந்து எல்லாரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

“டேப்பக்கா, தும்மினா நோன்பு போயிருமா?”

“போகாது.”

“கொட்டாவி விட்டா?”

“போகாது.”

“எச்சி முழுங்கினா?”

“என் பொறுமைதான் போகும். தள்ளி நில்லு, கதவு சூடு.”

வாரவிடுமுறை ஒரு நாள் போக ஏழு வேலைநாள்தான் மிச்சம். நாளுக்கு இரண்டு லோடு. ஒருநாள் மெஷின் ஆறத் தாமதமாகி ஒன்றுதான் ஓடியது. இன்னொரு நாள் மெஷின் கதவின் ரப்பர் வளையம் கிழிந்து பாதி நாள் வீணானது. அன்றும் ஒன்றுதான். கடைசி நாளுக்கு மூன்று பாக்கி விழுந்தது. லென்ஸ் மதிய நேரத்தில் ஓய்வுக்குப் போகாமல் தட்டுகளை அடுக்கிக் கொடுத்தாள். மழைக்கோட்டு வழக்கத்துக்கு முன்பே வந்து கழுவித் தள்ளினார்.

மூன்றாவது லோடு ஓடும்போது சிஸ்டர் வந்து வாசலில் நின்றார். கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. “கேட்டுட்டே செய்றேன். நான் இங்க நிக்கலாமா?”

“நில்லுங்க சிஸ்டர். அந்தக் கருவிய மட்டும் மேசையில வச்சிருங்க. பாத்தாலே எனக்கு ஏறுது.”

கதவு திறந்தது. ஆவி தணிந்ததும் டேப்பக்கா ஒவ்வொரு கட்டாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் கோடு கறுத்திருந்தது. சிஸ்டர் முப்பதாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா மை வராமல் இரண்டு தடவை உதறினார். அந்த இரண்டு உதறலுக்கு டேப்பக்காவின் உயிர் போய் வந்தது.

அந்த வாரம் அவர் லென்ஸுக்கு ஒரு டப்பா கறி கொண்டுவந்திருந்தார். லென்ஸ் டீ ரூமில் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து திறந்தாள்.

“உங்க முன்னால சாப்பிட்டா உங்களுக்கு எரிச்சலா இருக்காதாக்கா? கேக்கணும்ல.”

“சாப்பிடு. உப்பு சரியா இருக்கான்னு மட்டும் சொல்லு. நோன்பு, நான் ருசி பாக்கல.”

லென்ஸ் மென்றாள். யோசித்தாள். “கொஞ்சம் தூக்கல்தான்.”

“ஆறு வருஷத்துல முத தடவ வாங்கித் தின்னுற. அதுலயும் குறையா?”

“கேட்டீங்கள்ல!”

டேப்பக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

இதைப் படித்தவர்கள் ஓர் உதவி செய்யுங்கள். யாரிடமும் கேட்காமலே எல்லாருக்கும் நல்லது செய்கிற ஒருவர் உங்களுக்கும் நிச்சயம் தெரிந்திருக்கும். இந்தக் கதையை அவரிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால், படிக்க விருப்பமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.